கல்விக்கடன் தள்ளுபடி வந்தால் ஒழுங்காகக் கட்டியவருக்கு என்ன? (அனுபவப் பகிர்வு)

சூளைமேடு உதவிமேசை:

தேர்தல் நெருங்கினால் போதும், கல்விக்கடன் தள்ளுபடிப் பேச்சு டீக்கடை வரை வந்துவிடுகிறது. 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களில் இங்கே அது வாக்குறுதியாக வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் அறிக்கை ஒரு படி மேலே போய்த் தேதியே குறித்தது: 15.3.2024 அன்று நிலுவையில் இருக்கும் தொகை, கட்டாத வட்டி உட்பட, ரத்தாகும். வங்கிகளுக்கு அரசு ஈடு கொடுக்கும். இப்படி ஒவ்வொரு முறை பேச்சு எழும்போதும் ஊர் இரண்டாகப் பிரிகிறது. "படிச்சு முடிச்சும் வேலை இல்லாத பிள்ளை எங்க போய்க் கட்டும்?" என்று ஒரு பக்கம். "வாயைக் கட்டி வயித்தைக் கட்டி மாசாமாசம் கட்டினவன் என்ன இளிச்சவாயனா?" என்று இன்னொரு பக்கம்.

இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு கடன் கணக்கின் ஸ்டேட்மென்டைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. வங்கிக் கவுன்டர், ஆடிட்டர் ஆபீஸ், கோர்ட் வளாகம் என்று இதைத் தினமும் கையாள்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சொந்தக் கதை வேண்டாம். மேசைக்கு வந்த கணக்குகளில் என்ன பார்த்தீர்கள், எங்கே தப்பு நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று எழுதுங்கள். மாணவர் பெயர், வங்கி, கிளை, கல்லூரி பெயர் எதுவும் வேண்டாம்.

பெரம்பூர் முன்னாள் மேனேஜர்:

வட்டியிலிருந்து தொடங்குகிறேன். சண்டை முழுக்க அங்கேதான் பிறக்கிறது.

"படிக்கிற வரைக்கும் வட்டி கிடையாது" என்று நம்பித்தான் பெற்றோர் பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் காலத்தில் கிடையாதது தவணை மட்டும். முதல் வருடப் பணம் கல்லூரிக்குப் போன அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். நான்கு வருட பி.இ., வருடத்துக்கு 1 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை விலக்கு. அந்த ஐந்து வருடமும் தனிவட்டி. முதல் லட்சத்துக்கு 50,000, இரண்டாவதுக்கு 40,000, மூன்றாவதுக்கு 30,000, நான்காவதுக்கு 20,000. ஆக 1,40,000. தவணை தொடங்கும் நாளில் இது அசலோடு சேர்க்கப்பட்டு, 4 லட்சம் வாங்கிய பிள்ளையின் கடன் 5,40,000 என்று நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 7,136. பதினைந்து வருடம் என்றால் 5,803. கேட்க இதமாக இருக்கும், கூட்டிப் பார்த்தால் 10,44,000-க்கு மேல் போகும்.

அதே 1,40,000-ஐச் சேரவிடாமல் மாதாமாதம் கட்டியிருந்தால்? முதல் வருடம் மாதம் 833, இரண்டாம் வருடம் 1,667, மூன்றாம் வருடம் 2,500, கடைசி இரண்டு வருடம் 3,333. அப்படிக் கட்டியவரின் தவணை 4 லட்சத்துக்குத்தான் போடப்படும், பத்து வருடத்துக்கு மாதம் 5,286. படிக்கும்போதே வட்டி கட்டுபவருக்கு 1 சதவீத வட்டிச் சலுகை தர, இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் இடமும் உண்டு.

இந்த இரண்டு வகை ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனது கனத்துப்போகும். இரண்டிலும் வருடத்துக்கு ஒரு பெரிய பற்று, எதிரில் கல்லூரியின் பெயர். அதற்குப் பிறகு மாதக் கடைசிதோறும் ஒரு வட்டிப் பதிவு. ஒன்றில் அதற்குக் கீழே ஒன்றுமே இருக்காது. இன்னொன்றில் 500, 350 என்று ஒரே மாதத்தில் இரண்டு ரொக்க வரவு. வாரக்கூலி வாங்குகிற அப்பா சனிக்கிழமை பாதியும், அடுத்த சனிக்கிழமை மீதியும் கட்டியிருப்பார். நியாயம் பேசுகிறவர்கள் அந்த 350 ரூபாய்ப் பதிவை மறக்கக்கூடாது.

அடுத்து வட்டி மானியம். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், 2009-10 கல்வியாண்டிலிருந்து தொழில்சார் படிப்புகளுக்கு, தவணை விலக்குக் கால வட்டி முழுவதையும் மத்திய அரசே கொடுக்கிறது. கனரா வங்கிதான் இதை ஒருங்கிணைக்கும் நோடல் வங்கி. 2018-க்குப் பிறகு கல்லூரிக்கு நாக், படிப்புக்கு என்பிஏ என்ற தர அங்கீகாரங்களில் ஒன்று வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் 7.5 லட்சம் உச்சவரம்பும் வந்தன. அதாவது மேலே சொன்ன 1,40,000-ஐக் கொடுக்க ஏற்கெனவே ஒரு திட்டம் இருக்கிறது. இருந்தும் ஏழைப் பிள்ளையின் கணக்கில் அது ஏன் ஏறுவதில்லை?

பார்த்த காரணங்களைச் சொல்கிறேன். வருமானச் சான்றுக்குப் பதில் அப்பாவின் சம்பளச் சீட்டை வாங்கிக் கோப்பில் வைத்திருப்பார்கள். அது செல்லாது, வருவாய்த்துறை தரும் சான்றுதான் செல்லும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் கிடைக்கிற காகிதம் அது. அது இல்லாததால் லட்சக்கணக்கில் போயிருக்கும். கணினியில் கடனைத் தவறான திட்டக் குறியீட்டில் திறந்திருப்பார்கள். மானியம் கோரும் பட்டியல் எடுக்கும்போது அந்தக் கணக்கே வராது. மேனேஜர் மாறுவார், புதியவருக்கு அந்த வருடம் கோரிக்கை போனதா என்றே தெரியாது. பிள்ளை இடையில் படிப்பை விட்டால், உடல்நலக் காரணம் தவிர மற்றபடி மானியம் இல்லை. இளநிலைக்கு ஒருமுறை வாங்கிவிட்டால் முதுநிலைக்குக் கிடையாது.

ஆகவே "கட்டாதவர்" பட்டியலில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் மானியம் வந்திருந்தால் கட்டியிருக்கக்கூடியவர்கள். தள்ளுபடி கொடுப்பதற்கு முன் இவர்களுக்கு விட்டுப்போன மானியத்தைக் கொடுப்பதுதான் முதல் நியாயம் என்பது என் கருத்து.

கிண்டி கணக்காளர்:

பெரம்பூர் சார் சொன்ன இரண்டு ஸ்டேட்மென்டையும் வைத்து ஒரு பழைய திட்டத்தை நினைவுபடுத்துகிறேன். 17.2.2014 இடைக்கால பட்ஜெட்டில் ப. சிதம்பரம் அறிவித்தது. 31.3.2009 வரை வாங்கிய கல்விக்கடன்களில், 31.12.2013 அன்று நிலுவையாக நின்ற வட்டியை அரசே ஏற்கும், 1.1.2014 முதல் ஓடும் வட்டியை மாணவர் கட்ட வேண்டும். சுமார் 9 லட்சம் பேர், சுமார் 2,600 கோடி ரூபாய். நோக்கம் நல்லது: 2009-க்குப் பிந்தையவர்களுக்கு வட்டி மானியம் இருந்தது, முந்தையவர்களுக்கு இல்லை, அந்த ஓட்டையை அடைக்கத்தான் இது.

ஆனால் "நிலுவையாக நின்ற வட்டி" என்ற மூன்று சொல்லில் என்ன நடந்தது பாருங்கள். ஒரே வருடம், ஒரே தொகை, ஒரே வருமானம் உள்ள இரண்டு வீடு. ஒரு வீடு வட்டியை மாதாமாதம் கட்டிவிட்டது, 31.12.2013 அன்று நிலுவை வட்டி பூஜ்யம். அரசு கொடுத்ததும் பூஜ்யம். இன்னொரு வீடு ஒன்றும் கட்டவில்லை. முழு வட்டியையும் அரசு கட்டியது. இரண்டாவது வீட்டுக்குக் கொடுத்ததில் தப்பில்லை, முதல் வீட்டை விட்டதுதான் தப்பு. கடன் அடைபட வேண்டும் என்பதற்காக ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்த குடும்பத்திடம், குறைத்திருக்கவே வேண்டாம் என்று அரசாங்கமே சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடியிலும் இதேதான். 31.3.2021 வரை நிலுவையில் இருந்த 5 பவுனுக்குட்பட்ட நகைக்கடன்கள் என்று கோடு போட்டார்கள். அதற்கு முந்தைய வாரம் வட்டிக்கு வாங்கி நகையை மீட்டவருக்கு ஒன்றும் இல்லை.

செய்ய முடிந்த மாற்றம் சின்னது. நிலுவையை அளவுகோலாக வைக்காதீர்கள். படிப்புக் காலத்தில் ஏற்பட்ட வட்டியை வையுங்கள். அந்தத் தொகையை இரண்டு கணக்கிலும் வரவு வையுங்கள். கட்டாதவருக்குக் கடன் குறையும். கட்டிக்கொண்டிருப்பவருக்கு அசல் குறையும். அடைத்து முடித்தவருக்குச் சேமிப்புக் கணக்கில் வரும். பட்டுவாடா செய்த தேதியும் தொகையும் வங்கிக் கணினியில் இருக்கின்றன, கணக்கிடுவதில் சிரமமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "வரிப்பணத்தில் இவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்" என்று கேட்பவர்களிலேயே சிலர் வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவுச் சலுகையை எடுத்துக்கொண்டிருப்பார்கள். கல்விக்கடனுக்குக் கட்டும் வட்டி முழுவதையும், உச்சவரம்பே இல்லாமல், 8 வருடத்துக்கு வருமானத்திலிருந்து கழிக்கலாம். பழைய வரிமுறையில் மட்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு 30 லட்சம், 11 சதவீதத்துக்கு வாங்கியவர் முதல் வருடம் சுமார் 3,30,000 வட்டி கட்டுவார். 30 சதவீத வரி அடுக்கில் இருந்தால், செஸ் சேர்த்து 1,02,960 ரூபாய் அவருக்கு மிச்சம். அம்பத்தூரில் 15,000 சம்பளத்துக்குப் போகும் டிப்ளமோ பையனுக்கு இதே பிரிவில் கிடைப்பது ஒரு ரூபாய்கூட இல்லை, ஏனென்றால் அவருக்கு வரியே இல்லை. அரசு ஏற்கெனவே கல்விக்கடன்காரர்களுக்கு உதவுகிறது. அந்த உதவி மேலே இருப்பவருக்கு அதிகமாகவும் கீழே இருப்பவருக்கு இல்லாமலும் போகிறது.

வியாசர்பாடி மாலைவகுப்பு:

எல்லோரும் கடன் வாங்கியவர்களுக்குள்ளேயே நியாயம் பார்க்கிறீர்கள். கடனே கிடைக்காதவர்களை யார் கணக்கில் சேர்ப்பது?

விதிப்படி 4 லட்சம் வரை மார்ஜின், அதாவது மாணவர் கைப்பணமாகப் போட வேண்டிய பங்கு, கிடையாது. 2015-ல் வந்த கடன் உத்தரவாத நிதியின் கீழ் 7.5 லட்சம் வரை சொத்து அடமானமும் மூன்றாம் நபர் ஜாமீனும் கேட்கக்கூடாது. ஆனால் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அப்பாவின் சிபில் மதிப்பெண் (பழைய கடன்களைக் கட்டிய வரலாறு) பார்க்கப்படும். எப்போதோ ஒரு டிவி தவணையில் 2,400 ரூபாய் விட்டுப்போனது அங்கே வந்து நிற்கும். "உங்க ஏரியா எங்க கிளைக்கு வராது" என்று வாய்மொழியாகவே திருப்பி அனுப்பிவிட்டால் கையில் ஒரு காகிதமும் இருக்காது. கல்விக்கடனுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி தளத்தில் பதிந்தவர்களுக்காவது விண்ணப்ப எண் இருக்கும்.

அப்படித் திரும்பியவர்கள் என்ன செய்கிறார்கள்? நூற்றுக்கு மூன்று வட்டி. மாதம் மூன்று, வருடம் 36. 50,000 ரூபாய் ஃபீஸுக்கு வருடத்துக்கு 18,000 வட்டி. 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த செமஸ்டருக்கு யார் கொடுப்பார்கள் என்ற பயமும் இருக்கிறது. இன்னும் சிலர் கடனுக்குப் பயந்து பி.இ. இடத்தையே விட்டுவிட்டு அருகிலிருக்கும் கலைக்கல்லூரியில் சேர்ந்துவிடுகிறார்கள், பெரும்பாலும் பெண்பிள்ளைகள். எந்தத் தள்ளுபடி ஆணையிலும் இந்த மூன்று வட்டிக் கடனும், விட்டுப்போன அந்த இடமும் வராது.

கடன் வராமல் தடுக்கும் திட்டங்கள் இங்கே இருக்கின்றன. முதல் பட்டதாரி கட்டணச் சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. மாநகராட்சிப் பள்ளியும் அதில் அடக்கம். ஆனால் வடசென்னையில் அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைய. அதே தெரு, அதே வருமானம், அதே பாடப்புத்தகம். மாநகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, எதிர்ச்சாரியில் உதவிபெறும் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்குக் கடன். ஆறாம் வகுப்பில் எடுத்த முடிவு பதினெட்டு வயதில் வந்து விழுகிறது. 6.11.2024-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமியிலும் அப்படித்தான் ஒரு கோடு: பட்டியலிலுள்ள தரமான நிறுவனங்களில் (அப்போது சுமார் 860) இடம் கிடைத்தால் கடன், 8 லட்சம் வருமானம் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டிக் குறைப்பு. சாதாரணக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்குத்தான் வேலை கிடைப்பது கஷ்டம், அவருக்கு இதில் இடமில்லை.

அதனால் தள்ளுபடிக்குப் பணம் இருந்தால், அதில் ஒரு பங்கை உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளின் கட்டணத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று சொல்வேன்.

பாரிமுனை வழக்கறிஞர்:

வியாசர்பாடித் தோழர் சொன்னதை ஏற்கிறேன். சட்டப் பக்கத்தில் மூன்று குழப்பங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

"கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடியை 5.2.2021-ல் ஒரே அறிவிப்பில் தள்ளுபடி செய்தார்களே, கல்விக்கடனை ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள்?" என்பது முதல் குழப்பம். கூட்டுறவுச் சங்கம் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. வங்கித்தொழில் மத்தியப் பட்டியல். கல்விக்கடனில் பெரும்பகுதி தேசியமயமாக்கப்பட்ட வங்கிகள் கொடுத்தது. கோட்டையிலிருந்து ஆணை போட்டு அந்தக் கடனை ரத்து செய்ய முடியாது. மாநில அரசு செய்யக்கூடியது மாணவருக்காக வங்கிக்குப் பணம் கட்டுவது மட்டுமே. சிறுபான்மையினர், பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர்களுக்கான மாநிலக் கழகங்களான டாம்கோ, டாப்செட்கோ, தாட்கோ மூலம் போன கடன்களில் மாநிலத்துக்குக் கொஞ்சம் அதிகாரம் உண்டு. அங்கேயும் பணம் மத்திய நிதிக் கழகத்திலிருந்து வந்திருந்தால் அதைத் திருப்பிக் கட்டியாக வேண்டும்.

இரண்டாவது, "எழுதித் தள்ளிட்டாங்க" என்ற சொல். பேப்பரில் வங்கிகள் இத்தனை கோடியை ரைட்-ஆஃப் செய்தன என்று வந்தால், தன் கடனும் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். ரைட்-ஆஃப் என்பது வங்கி தன் கணக்குப் புத்தகத்தைச் சுத்தம் செய்துகொள்வது. கடன் அப்படியே நிற்கும், வசூலும் தொடரும். உத்தரவாத நிதியிலிருந்து வங்கிக்கு இழப்பில் 75 சதவீதம் கிடைத்தாலும் மாணவர் விடுபடுவதில்லை. தள்ளுபடி என்றால் மட்டுமே கடன் தீர்ந்தது. அதற்குக் கையில் "நிலுவை இல்லை" கடிதம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, காலாவதி. கடைசியாகப் பணம் கட்டிய தேதி அல்லது கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட தேதி, எது பிந்தியதோ அதிலிருந்து 3 வருடத்துக்குள் வங்கி வழக்குப் போட வேண்டும். அதனால்தான் வங்கியிலிருந்து வருகிறவர் "சும்மா ஒரு கையெழுத்து போடும்மா" என்று ஒரு தாளை நீட்டுகிறார். அதில் போட்டால் புதிதாக 3 வருடம். காலம் முடிந்த பிறகு "கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டாலும் ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவின்படி கடனுக்குப் புதிதாக உயிர் வந்துவிடும். அதற்காகக் காலாவதியை நம்பி உட்காருங்கள் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். வழக்குப் போகாவிட்டாலும் சிபிலில் அது நிற்கும், தங்கையின் கல்விக்கடனுக்கு அப்பா கையெழுத்துப் போடும்போது தடுக்கும்.

கட்டவே முடியாதவர்களுக்கு, சமரசம் பேசித் தீர்க்கும் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நல்ல வழி. உயர்நீதிமன்ற வளாகத்தில் நடக்கும்போது வழக்குக்கு முந்தைய நிலையிலேயே கல்விக்கடன்களை எடுக்கிறார்கள், கோர்ட் கட்டணம் இல்லை. போகும்போது ஸ்டேட்மென்ட், மானியம் வந்ததா இல்லையா என்ற வங்கியின் எழுத்துப் பதில், வருமானச் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும். அசல் எவ்வளவு, படிப்புக் கால வட்டி எவ்வளவு, வாராக்கடன் ஆன பிறகு ஏறிய வட்டி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பேரம் அந்த மூன்றாவது எண்ணில்தான் நடக்கும். ஒப்புக்கொண்ட தொகையைத் தவணையாகப் போடச் சொல்லலாம், ஆனால் தவறினால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது, நேராகத் தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனுதான்.

ஓஎம்ஆர் இரவுப்பணி:

அமெரிக்கக் கல்விக்கடன் கணக்குகளைப் பார்க்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த விவாதம் பழகிய ஒன்று. 24.8.2022-ல் பைடன் அறிவித்த திட்டம்: தனிநபர் வருமானம் 1,25,000 டாலருக்குள் இருந்தால் 10,000 டாலர் வரை ரத்து, ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை வாங்கியவராக இருந்தால் 20,000 வரை. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் போட்ட செலவுக் கணக்கு சுமார் 40,000 கோடி டாலர். 30.6.2023-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதை ரத்து செய்தது. நியாயமா அநியாயமா என்ற கேள்விக்குள் தீர்ப்பு போகவில்லை. 2003-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இவ்வளவு பெரிய ரத்துக்கு அதிகாரம் தருகிறதா என்பதே கேள்வி, தரவில்லை என்றார்கள்.

அங்கே கடன் கொடுத்தவரே மத்திய அரசு. இங்கே கடன் கொடுத்தது வங்கி, அதிலிருப்பது டெபாசிட்தாரர் பணம். அதனால் ஒப்பிடும்போது கவனம் தேவை. ஆனால் கிண்டி சார் கேட்ட விஷயத்துக்கு அங்கே ஒரு பாதிப் பதில் இருந்தது. கொரோனாவுக்காக 13.3.2020 முதல் தவணை நிறுத்தப்பட்டிருந்த காலத்திலும் விடாமல் கட்டியவர்கள், கட்டியதைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஏறிய நிலுவைக்கு ரத்து கோரலாம் என்று வைத்தார்கள். ஒழுங்காகக் கட்டியது தண்டனையாகிவிடக் கூடாது என்று திட்டத்துக்குள்ளேயே எழுதியிருந்தார்கள். அதற்கு முன்பே முழுசாக அடைத்தவர்களுக்கு வழி இல்லை. அந்தக் கோபம் அங்கேயும் அப்படியே இருந்தது.

பெல் உதவித்தொகைக்காரருக்கு இரட்டிப்பு என்பதையும் கவனியுங்கள். இன்றைய வருமானத்தோடு, படிக்கச் சேர்ந்தபோது வீடு எப்படி இருந்தது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். இங்கே அதற்குச் சமமான காகிதம் கடன் கோப்பிலேயே இருக்கிறது, சேர்ந்த வருடத்து வருமானச் சான்று.

பெரம்பூர் முன்னாள் மேனேஜர்:

கிண்டி சாருக்கு ஒரு மறுப்பு. அடைத்து மூடிய கணக்குக்கெல்லாம் பணம் அனுப்புவது சொல்வதுபோல் சுலபம் இல்லை. வங்கிகள் இணைந்தபோது பழைய கணக்கு எண்கள் மாறியிருக்கின்றன, சேமிப்புக் கணக்கு முடங்கியிருக்கும், மாணவர் வேறு ஊரில் இருப்பார். மூடிய கணக்குக்கு எத்தனை வருடம் பின்னோக்கிப் போவது என்பதற்கும் ஒரு கோடு போடத்தான் வேண்டும், அந்தக் கோட்டிலும் யாரோ ஒருவர் ஒரு நாளில் தவறுவார்.

கட்டுபவருக்கும் கட்ட முடியாதவருக்கும் சேர்த்து எழுதிய ஒரு திட்டம் பக்கத்து மாநிலத்தில் இருந்தது. 2017-ல் கேரளம் கொண்டுவந்த கல்விக்கடன் திருப்பிச் செலுத்த உதவித் திட்டம். 9 லட்சம் வரையான கடன், குடும்ப வருமானம் 6 லட்சத்துக்குள். கணக்கு ஒழுங்காக இருந்தால் நான்கு வருடத் தவணையில் அரசு 90, 75, 50, 25 சதவீதம் என்று குறைத்துக்கொண்டே கொடுக்கும்; மீதியை மாணவர் கட்ட வேண்டும். முதல் வருடம் சம்பளம் குறைவு, போகப்போக ஏறும் என்ற நடைமுறையைப் பார்த்துப் போட்ட படிகள் அவை. 31.3.2016-க்குள் வாராக்கடன் ஆன 4 லட்சத்துக்குட்பட்ட கணக்குக்கு அரசு 60, மாணவர் 40, அதுவும் வங்கி வட்டியை விட்டுக்கொடுத்தால். அரசு, வங்கி, மாணவர் மூவரும் ஆளுக்கொரு பங்கு சுமக்கிறார்கள். ஒழுங்காகக் கட்டியவருக்குத்தான் இங்கே முன்னுரிமை. தமிழ்நாட்டில் யாராவது திட்டம் எழுத உட்கார்ந்தால் இந்தப் படிகளிலிருந்து தொடங்கலாம்.

தாம்பரம் அம்மா:

தள்ளுபடி வரும் என்று எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில் தவணையை நிறுத்திவிட்டார்கள். இப்போது கட்டினால் சேரமாட்டோம் என்கிறார்கள். அது சரியா சார்? வேலை போன பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள், அவர்கள் என்ன செய்வது?

பெரம்பூர் முன்னாள் மேனேஜர்:

நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. முதல் 30 நாள், அடுத்த 30 நாள் என்று எச்சரிக்கைப் படிகள்; 90 நாள் தாண்டினால் வாராக்கடன். பிள்ளைக்கும் கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கும் இரண்டு பேருக்கும் சிபில் விழும். அறிவிப்பு வந்து, ஆணை வந்து, பட்டியல் வரும்வரை வட்டி நிற்காது. 5,40,000-ஐ ஐந்து வருடம் தொடாமல் விட்டால் 10 சதவீத மாதக் கூட்டுவட்டியில் சுமார் 8,88,000. அதில் எந்தப் பகுதியைத் தள்ளுபடி செய்வார்கள் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

வேலை போன பிள்ளைகள் எழுத்தில் போய்க் கேட்க வேண்டியது வேறு. மாதிரித் திட்டத்திலேயே, வேலையில்லாத காலத்துக்குக் கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 6 மாதம் வரை தவணை விலக்கு தர இடம் இருக்கிறது. கவுன்டரில் இதை யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள். கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன் போக வேண்டும். ஆன பிறகு போனால் மேனேஜர் கை கட்டப்பட்டுவிடும். கம்பெனி கொடுத்த விடுவிப்புக் கடிதம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, ஒரு பக்க விண்ணப்பம். தவணைக் காலத்தை 15 வருடம் வரை நீட்டச் சொல்லியும் அதே விண்ணப்பத்தில் கேட்கலாம். நகலில் சீல், தேதி வாங்காமல் திரும்பக் கூடாது. 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) அந்த நகல்தான் ஆதாரம்.

பிள்ளை தவறிப்போன வீடு ஏதாவது இருந்தால் தயவுசெய்து ஸ்டேட்மென்டின் முதல் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டுவாடா தொடங்கிய நாட்களில் ஒரே ஒருமுறை இன்சூரன்ஸ் பிரீமியம் என்று ஒரு பற்று இருந்தால் அந்தக் கடனுக்கு ஆயுள் காப்பீடு எடுத்திருக்கிறது. அந்த வரியைக் கவனிக்காமல் மகனைப் பறிகொடுத்த அப்பா தவணை கட்டிக்கொண்டிருக்கும் கணக்குகள் உண்டு.

பாரிமுனை வழக்கறிஞர்:

தாம்பரம் அம்மாவுக்குக் கூடுதலாக ஒன்று. வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அக்கம்பக்கத்து வீட்டில் சொல்லி அவமானப்படுத்துவதற்கும் இடமில்லை. அழைப்பு வந்த எண், நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

செட்டில்மென்ட் செய்தவர்கள் கவனத்துக்கு: பணம் கட்டியதும் சிபிலில் "செட்டில்டு" என்று ஏறும், "மூடப்பட்டது" என்று ஏறாது. மீதியையும் கட்ட வசதி வந்தால் கட்டிவிட்டு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். மாணவர் தரப்பில் தவறே இல்லாமல் பிழையாக ஏறியிருந்தால் புகார் கொடுத்த 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

கிண்டி கணக்காளர்:

பெரம்பூர் சார், மறுப்பை ஏற்கிறேன். மூடிய கணக்குக்குக் கோடு தேவைதான். ஆனால் திறந்திருக்கும் கணக்குகளில் கட்டிக்கொண்டிருப்பவரை விடுவதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. அவர்கள் கணக்கு எண் மாறவில்லை, விலாசம் மாறவில்லை, போன மாதம் 5-ஆம் தேதிகூடப் பணம் வந்திருக்கிறது.

சூளைமேடு உதவிமேசை:

விட்டுப்போன வட்டி மானியத்துக்கு வங்கியில் கொடுக்கும் விண்ணப்பத்தின் மாதிரியைப் பலர் கேட்கிறார்கள். கடன் கணக்கு எண், படிப்பு, சேர்ந்த மாதம், முடித்த மாதம், சேர்ந்த வருடத்து வருமானச் சான்றின் எண், "எந்தெந்தக் கல்வியாண்டுக்கு மானியம் கோரப்பட்டது, எவ்வளவு வரவானது, கோராத ஆண்டுக்குக் காரணம் என்ன" என்ற ஒரே கேள்வி. அவ்வளவு போதும். பதில் எழுத்தில் வந்தவர்கள் பெயர், எண்களை மறைத்துவிட்டு இங்கே பகிருங்கள்.